பொதுக் கடலும் தனியார் வலையும்: சி மொழி வலைச் சட்டகங்களின் சமூக வரலாறு — சில குறிப்புகள்

1

தொழினுட்பத்தின் வரலாறு நமது தமிழ் ஆய்விதழ்களில் இடம்பெறுவது அரிது. இலக்கியத்தையும் சமய இயக்கங்களையும் அவை தோன்றிய சமூகப் பகைப்புலத்தில் வைத்து நோக்கும் முறை நம்மிடையே ஓரளவு வேரூன்றிவிட்டது. ஆயின், கருவிகள் என்று வரும்பொழுது, அவை ஒரு மேதையின் சிந்தனையிலிருந்து நேரே பிறந்தவை என்றோ, சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்டவை என்றோ கொள்ளும் போக்கு இன்னும் நீங்கியபாடில்லை. கணினி நிரல்கள் பற்றிய பேச்சில் இப்போக்கு மிகுதி. அவற்றை ஆக்கியோர் யாவர், எத்தகைய நிலைமைகளில் ஆக்கினர், ஆக்கியதன் பயன் எவரைச் சென்றடைந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படாமலே விடப்படுகின்றன.

இவ்வினாக்களை ஒரு குறிப்பிட்ட பொருள் தொடர்பாக எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், சி மொழியில் எழுதப்பட்ட வலைச் சட்டகங்கள். ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தகவல் கேட்பதற்கும் மறுமொழி பெறுவதற்கும் முன்கூட்டி வகுத்துக்கொண்ட உடன்பாட்டினை நிரலிடைமுகம் என்பர், ஏ.பி.ஐ. என்பது அதன் வழக்குப் பெயர். கைத்தொலைபேசியில் நாளைய காற்றின் வேகத்தைப் பார்க்கும் ஒருவர், தாம் அறியாமலே இத்தகைய உடன்பாடு ஒன்றைப் பயன்படுத்துகிறார். கோரிக்கையை ஏற்றல், அதன் முறைமையைச் சரிபார்த்தல், உரிய செயற்கூற்றிடம் ஒப்படைத்தல், மறுமொழியைத் திருப்பியனுப்புதல் ஆகிய வேலைகள் எல்லா இடைமுகங்களுக்கும் பொதுவானவை. அப்பொது வேலைகளை ஒருமுறை எழுதிவைத்து, தனித்தன்மையான பகுதியை மட்டும் நிரலாளர் எழுதிச் சேர்க்குமாறு விடுவதே சட்டகம்.

இதனைக் கண்டக்குழிக் கரையிலிருந்து நோக்க வேண்டிய தேவை யாது? புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் குடாநாட்டிலே, மேற்குக் கடலை நோக்கியமைந்த மீன்பிடிக் கிராமம் கண்டக்குழி. தமிழும் சிங்களமும் வழங்கும் கரை அது. பருவந்தோறும் தெற்கிலுள்ள கரைகளிலிருந்து மீனவர் வந்து வாடியமைத்துத் தங்கும் வழக்கம் இக்குடாநாட்டில் நெடுங்காலமாக உண்டு. இக்கரையோரங்களிற் கடல் எவருக்கும் சொந்தமன்று. ஆனாற் கரைவலை ஒருவருக்குச் சொந்தம். வலையையும் வள்ளத்தையும் உடையவர் ஒரு பங்கினை முதலில் எடுத்துக்கொள்ள, எஞ்சியதையே கயிறிழுத்த பலரும் பகிர்ந்துகொள்வர். வளம் பொதுவாக இருத்தல் வேறு, அதனை எடுத்துப் பயன்கொள்ளும் சாதனம் பொதுவாக இருத்தல் வேறு என்பதைக் கரைவலைத் தொழில் பார்த்த மாத்திரத்தே உணர்த்திவிடும். திறந்த மூல நிரல்களின் வரலாற்றை விளக்கிக்கொள்ள இவ்வேறுபாடு நமக்கு இன்றியமையாதது.

2

சி மொழியை டெனிஸ் றிச்சி 1970களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கினார். கென் தொம்சனும் அவரும் பிறரும் ஆக்கிய யுனிக்ஸ் இயங்குதளம் 1973 அளவில் அம்மொழியில் மீள எழுதப்பட்டது. அதுவரை இயங்குதளம் என்பது பெரும்பாலும் ஒவ்வொரு பொறியின் தனிமொழியிலும் கட்டுண்டு கிடந்தது. சி மொழியோ பொறிக்கு மிக அண்மையில் நின்றவாறே ஒரு பொறியிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயரும் ஆற்றலை நிரலுக்கு வழங்கியது.

இம்மொழி பரவியமைக்கு அதன் அழகு மட்டும் காரணமன்று. பெல் ஆய்வுகூடத்தின் உரிமையாளராகிய ஏ.டி. அன்ட் டி. நிறுவனம் அமெரிக்கத் தொலைபேசித் துறையில் ஏகபோகம் பெற்றிருந்தது. அந்த ஏகபோகத்துக்கு எதிரான வழக்கில் 1956-இல் ஏற்பட்ட இணக்கத் தீர்ப்பு, தொலைத்தொடர்புக்கு வெளியேயான வணிகத்தில் இறங்குவதினின்றும் அதனைத் தடுத்தது. ஆகவே யுனிக்சைச் சரக்காக விற்க இயலாத அந்நிறுவனம், பல்கலைக்கழகங்களுக்கு அதன் மூல நிரலைக் குறைந்த கட்டணத்தில் வழங்கியது. மாணவர் படித்தனர், திருத்தினர், பரப்பினர். 1984-இல் அந்நிறுவனம் பிளக்கப்பட்டு வணிகத் தடை நீங்கியதும் உரிமக் கட்டணங்கள் ஏறலாயின. பொதுவாகப் புழங்கிய மூல நிரல் வேலிக்குள் அடைபட்டது. இங்கிலாந்திற் பொதுமேய்ச்சல் நிலங்கள் வேலியிடப்பட்ட வரலாற்றை மார்க்ஸ் மூலதனத்தின் முதற் பாகத்தில் விரித்துரைத்ததை அறிந்தோர்க்கு இந்நிகழ்வு புதிதாகத் தோன்றாது. றிச்சட் ஸ்டோல்மன் 1983-இல் அறிவித்த குனு இயக்கமும், 1989-இல் வெளிவந்த அதன் பொது உரிமமும், 1991-இல் லீனஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்சும் தனியுரிமையாகிவந்த நிரலுலகத்துக்கு எதிர்வினையாக அமைந்தவை எனலாம்.

வையக விரிவலையும் இச்சூழலிலேதான் தோன்றியது. ஐரோப்பிய அணுவாய்வு நிறுவனமாகிய சேர்னில் ரிம் பேர்ணர்ஸ்-லீ எழுதிய முதல் வலைவழங்கி சி மொழியில் அமைந்தது. 1993 ஏப்ரல் 30-இல் சேர்ன் அந்நிரல்களைப் பொதுவுடைமையாக்கியது. இலினோய் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் றொப் மக்கூல் எழுதிய வழங்கியைப் பயன்படுத்திவந்தோர், அவர் அங்கிருந்து விலகியபின், தத்தம் திருத்தங்களை ஒன்றுசேர்த்து 1995-இல் அப்பாச்சி வழங்கியை வெளியிட்டனர். அதுவும் சி மொழியே.

3

தொடக்ககால வழங்கிகள் எழுதிவைத்த பக்கங்களை எடுத்துக் கொடுத்தன. கேட்பவருக்கேற்ப விடையை அவ்வப்போது ஆக்கிக் கொடுக்க 1993 அளவில் சி.ஜி.ஐ. என்னும் முறை வகுக்கப்பட்டது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புதிய செயன்முறையைத் தொடக்கி, விடை கிடைத்ததும் அதனை முடித்துவிடுவது அம்முறை. ஒவ்வொரு முறை கடலுக்குப் போகவும் ஒரு வள்ளத்தைக் கட்டி, கரைசேர்ந்ததும் அதனை உடைத்துவிடுவதற்கு இது ஒப்பானது. கேட்போர் சிலராயிருந்தவரை இது தாங்கியது. வலை வணிகக் களமாக மாறிக் கேட்போர் பெருகியதும் தாங்கவில்லை. ஒரே பொறி ஒரே நேரத்தில் 10,000 தொடர்புகளைக் கையாளுவது எங்ஙனம் என்னும் சிக்கலை டான் கீகெல் 1999-இல் பெயரிட்டு முன்வைத்தார்.

இதற்குக் கிடைத்த விடை, ஒரு தொடர்புக்கு ஒரு செயன்முறை என்பதைக் கைவிட்டு, ஒரே செயன்முறை பல தொடர்புகளைக் கவனித்திருத்தல் ஆகும். பல தூண்டிற் கயிறுகளை வள்ளத்தின் விளிம்பிற் கட்டிவிட்டு, எது அசைகிறதோ அதனை மட்டும் இழுப்பவரின் வேலைமுறை அது. இயங்குதளங்கள் இதற்கான வசதிகளை 2000-ஆம் ஆண்டையொட்டி வழங்கின. ஈகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்-எக்ஸ் வழங்கி அவ்வசதிகளின்மேற் கட்டப்பட்டது. கேட்போர் பெருகப் பெருகப் பொறிகளையும் செயன்முறைகளையும் சேர்த்து ஈடுகொடுக்கும் இவ்வியல்பையே அளவுவிரிவு என்கின்றனர்.

யோரிஸ் வின்க் 2013 முதல் உருவாக்கிவந்த கோர் என்னும் சட்டகம் இப்போக்கின் தெளிவான எடுத்துக்காட்டு. அளவுவிரியும் வலை இடைமுகங்களைச் சி மொழியிலேயே எழுதுவதற்கென அமைந்தது அது. பொறியின் செயலிகளுக்கேற்பச் சில வேலைச் செயன்முறைகள் முன்னதாகவே தொடக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் நிகழ்ச்சிகளை எதிர்நோக்கி நிற்கும். எந்த முகவரிக்கு எந்தச் செயற்கூறு என்பதை அமைவுக் கோப்பு கூறும். மறைக்குறியீட்டுத் திறவுகோலை வேலைச் செயன்முறைகள் தொடாதவாறு தனியொரு செயன்முறை காக்கும். பயனர் அனுப்பும் ஒவ்வொரு சொல்லும், முன்னர் வகுத்த விதிக்கு அமைந்தால் மட்டுமே உள்ளே செல்லும்.

இத்துணை எச்சரிக்கை ஏன்? சி மொழி நிரலாளருக்கு நினைவகத்தின்மீது தங்குதடையற்ற அதிகாரத்தை வழங்குகிறது. பிழையைத் தடுக்கும் வேலியை வழங்குவதில்லை. இடத்தின் அளவை மீறி எழுதினால் அண்டை இடம் அழியும். 1988-இல் இணையத்தை நிலைகுலையச் செய்த மொறிஸ் புழு இவ்வழியையும் பயன்படுத்தியது. 2014-இல் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் குறையோ அளவை மீறிப் படித்ததால் நேர்ந்தது. விரைவும் சிக்கனமும் வேண்டுவோர் இந்த இடரையும் சேர்த்தே ஏற்கவேண்டியுள்ளது.

4

இவ்வரலாற்றில் இலங்கைக்கு ஓர் இடமுண்டு. அது சிறிய இடமுமன்று. 2000-ஆம் ஆண்டை அடுத்து, நிறுவனங்களின் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்குச் சோப் என்னும் நெறிமுறை பெருவழக்காயிற்று. அதன் துணைக்கூறாகிய டபிள்யூ.எஸ்.டி.எல். விவரண மொழியை 2001-இல் வகுத்தோருள் ஒருவர் இலங்கையரான சஞ்ஜீவ வீரவரண. அப்போது அவர் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றினார். அவர் நாடு திரும்பி முன்னின்று தொடங்கிய லங்கா மென்பொருள் மன்றத்தைச் சூழ்ந்து இளம் நிரலாளர் குழாம் ஒன்று உருவாயிற்று. அப்பாச்சி அமைப்பின் அக்சிஸ்2 என்னும் வலைச்சேவைப் பொறியின் கட்டமைப்பு 2004 ஓகஸ்டிற் கொழும்பில் நடந்த கூட்டத்தில் அறிமுகமாயிற்று.

அக்சிஸ்2 ஜாவா மொழியில் அமைந்தது. அதன் கருத்துகளைச் சி மொழியில் வடித்த அக்சிஸ்2/சி என்னும் சட்டகத்தைப் பெரும்பான்மையும் இலங்கை நிரலாளரே எழுதினர். அதன் 1.0 பதிப்பு 2007 மே மாதத்திலும், 1.6 பதிப்பு 2009-இலும் வெளிவந்தன. சி மொழியைத் தேர்ந்தமைக்கு வலுவான காரணம் இருந்தது. பி.எச்.பி., பைதன், றூபி முதலிய மொழிகளின் செயற்பொறிகள் சி மொழியில் எழுதப்பட்டவை. ஆகவே சி மொழியில் ஒருமுறை எழுதிய சட்டகத்தை அம்மொழிகள் யாவும் எடுத்தாள முடியும். அப்பாச்சி வழங்கிக்குள் ஒரு கூறாக அதனை நேரே பொருத்தவும் முடியும். மேலே தெரிவது வேறு மொழி. அடியில் உழைப்பது சி. உலகச் சந்தையில் நம் நாடு வகிக்கும் இடத்திற்கும் இது ஒருவகையில் ஒப்புமையாகிறது: மேலே தெரிவது வேறு நாட்டின் வங்கி, வேறு நாட்டின் கடை, அடியில் அவற்றை இணைத்து நிற்பதோ கொழும்பில் எழுதப்பட்ட நிரல்.

காலனித்துவம் தேயிலையையும் இறப்பரையும் வேண்டிநின்ற காலத்தில் நம் உழைப்பு மலைநாட்டில் வடிவம் பெற்றது. தகவற் பண்டம் ஆதிக்கம் பெறும் காலத்தில் அது நிரல் வடிவம் பெறுகிறது. இரண்டும் ஒன்றே என நாம் கூறவரவில்லை. தோட்டத் தொழிலாளிக்கு மறுக்கப்பட்ட கல்வியும் ஊதியமும் நிரலாளருக்குக் கிடைத்தன. மேலும், அக்சிஸ்2/சியின் மூல நிரல் கப்பலேறிப் போய்விடவில்லை. அது எவரும் எடுத்துப் படிக்குமாறு திறந்தே கிடக்கிறது. அவ்வாறாயின் சிக்கல் எங்கே இருக்கிறது?

5

2005-இல் வீரவரணவும் பிறரும் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். திறந்த மூல நிரலை இலவசமாக வழங்கி, அதனை நடத்திக் கொடுப்பதற்கும் பேணுவதற்கும் கட்டணம் பெறுவது அதன் முறை. அக்சிஸ்2/சியை உள்ளடக்கிய பி.எச்.பி. சட்டகத்தையும் அது வெளியிட்டது. காலப்போக்கிற் சோப் நெறிமுறை பின்தள்ளப்பட்டு, றோய் பீல்டிங் 2000-ஆம் ஆண்டின் தமது கலாநிதிப் பட்ட ஆய்வில் விளக்கிய எளிய முறை முன்னுக்கு வந்தது. நிறுவனத்தின் நாட்டம் வேறு துறைகளுக்குச் சென்றது. 2009-க்குப் பின் அக்சிஸ்2/சி பல ஆண்டுகள் புதிய பதிப்பின்றி இருந்தது. 2024-இல் அந்நிறுவனத்தைச் சுவீடனைத் தலைமையிடமாகக் கொண்ட ஈ.கியூ.டி. என்னும் முதலீட்டுக் குழுமம் வாங்கியது.

இதனைத் தனிமனிதரின் குணங்குறையாகக் காண்பது எளிது, அது பயன்தராது. நாம் கேட்க வேண்டியது, விற்கப்பட்டது யாது என்பதே. மூல நிரல் ஏலவே எல்லோருக்கும் பொது. அதனை எவரும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. வாங்கப்பட்டது, அந்நிரலை எழுதவும் இயக்கவும் வல்ல ஒழுங்கமைந்த உழைப்பும், அவ்வுழைப்பைச் சந்தையோடு பிணைத்த வாடிக்கைத் தொடர்புகளுமே. கடல் பொதுவாகவே கிடக்கிறது, வலை கைமாறுகிறது.

திறந்த மூல உரிமங்கள் பற்றிய விவாதம் பெரும்பாலும் இவ்விடத்தைத் தொடுவதில்லை. குனு பொது உரிமம், அந்நிரலினின்றும் ஆக்கிப் பிறர்க்கு வழங்கும் நிரலையும் பொதுவாகவே வைத்திருக்குமாறு கட்டளையிடுகிறது. அப்பாச்சி உரிமமும், கோர் சட்டகம் வெளிவந்த ஐ.எஸ்.சி. உரிமமும் அவ்வாறு கட்டளையிடுவதில்லை. எடுத்தவர் தமது திருத்தங்களை மூடிவைத்தும் விற்கலாம். இவ்வேறுபாடு முக்கியமானதே. எனினும், கடுமையான உரிமமும் வழங்கிப் பொறிகளையோ, தரவுத் திரட்டையோ, வேலைநேரத்தையோ பொதுவாக்கிவிடுவதில்லை. சமூகத்தின் பொது அறிவே உற்பத்திச் சக்தியாக மாறும் நிலைபற்றி மார்க்ஸ் 1857–58 காலத்துக் குறிப்பேடுகளிற் சிந்தித்தார். பொது அறிவு பொதுவாகவே இருந்தும், அதனை இயக்கும் சாதனங்கள் தனியுடைமையாகத் தொடரலாம் என்பதை நமது அனுபவம் அச்சிந்தனையோடு சேர்த்துக் காட்டுகிறது.

6

உடைமை பற்றிய வினாவோடு மொழி பற்றிய வினாவும் பின்னிக்கிடக்கிறது. சி மொழியில் எழுத்துக்கெனத் தனியான பொருள் இல்லை. பைட்டுகளின் வரிசையே உண்டு. உரோம எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு போதும். 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதனை யுனிக்ஸ் உலகுக்கு ஏற்ற வகையிற் பைட்டுகளாக்கும் யு.டி.எப்.-8 முறையைத் தொம்சனும் றொப் பைக்கும் 1992-இல் வகுத்தனர். அம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு கொள்ளும்.

'கண்டக்குழி' என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழ் இலக்கண மரபுப்படி அதில் 6 எழுத்துகள் உள. ஒருங்குறி, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணுவதால் 10 குறியீடுகள் காணும். சி மொழியோ 30 பைட்டுகள் காணும். அதே ஊரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதின் 11 பைட்டு. ஊர்ப்பெயருக்கு 20 பைட்டு போதும் என ஒரு நிரலாளர் முடிவு செய்தால், ஆங்கிலப் பெயர் நன்றாக அமரும். தமிழ்ப் பெயரோ, அளவறிந்து வெட்டப்படின், 'கண்டக்' என்பதோடு ஒரு சிதைந்த குறியாக நின்றுவிடும். அளவறியாது எழுதப்படின், அண்டை நினைவகத்தை அழிக்கும். கோர் போன்ற சட்டகத்தில் உள்வரும் பெயர் உரோம எழுத்துகளால் மட்டுமே அமையவேண்டும் என்று விதி எழுதிவிட்டால், தமிழ்ப் பெயர் பாதுகாப்பின் பெயரால் வாயிலிலேயே தள்ளுபடியாகும். சட்டகம் எம்மொழிக்கும் பகையன்று. 30 பைட்டையும் அது செவ்வனே ஏற்கும். விதியை எழுதுபவர் எவரை மனத்திற்கொண்டு எழுதுகிறார் என்பதே கேள்வி.

இது தமிழருக்கு மட்டும் உரிய முறைப்பாடு அன்று. சிங்களக் குறியீடும் 3 பைட்டு கொள்வதே. கண்டக்குழிக் கரையில் தமிழ் மீனவரும் சிங்கள மீனவரும் இவ்விடயத்தில் ஒரே பக்கத்தில் நிற்கின்றனர்.

வாயிலை வகுக்கும் மொழி காலப்போக்கில் வீட்டின் மொழியையும் மாற்றிவிடும் என்பதற்கு இம்மேற்குக் கரையே சான்று. சிலாபம், நீர்கொழும்புக் கரைகளில் தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பல, இருபதாம் நூற்றாண்டிற் பள்ளிக்கூடப் போதனாமொழி வழியாகச் சிங்களத்துக்கு மாறின. எந்த மொழியிற் கேட்டால் அரசும் பள்ளியும் செவிசாய்க்குமோ, அந்த மொழியை மக்கள் தம் பிள்ளைகளுக்குத் தந்தனர். இதற்கும் முந்திய எடுத்துக்காட்டு, கற்பிட்டியில் 1807-இற் பிறந்த சைமன் காசிச்செட்டி. இலங்கையின் இடங்களைத் தொகுத்த விவரணத்தை 1834-இலும், தமிழ்ப் புலவர் வரலாறாகிய 'தமிழ் புளூட்டாக்'கை 1859-இலும் அவர் ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். தமிழ்ப் புலவரின் வரலாறு ஏகாதிபத்தியத்தின் அறிவுக் களஞ்சியத்துக்குள் நுழைய ஆங்கிலமே வாயிலாயிற்று. அவரது பணியை நாம் நன்றியோடு பயன்படுத்துகிறோம். அவ்வாயிலின் வர்க்கத் தன்மையையும் மறவாதிருத்தல் வேண்டும்.

1987-இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமை படிவத்தின் பெட்டிக்குள்ளும், படிவத்தின் பின்னேயுள்ள நிரலுக்குள்ளும் இறங்கினாலன்றி நடைமுறையாகாது. அரச அலுவல்கள் நிரலிடைமுகங்களுக்கு மாறமாற, 20 பைட்டா 60 பைட்டா என்னும் முடிவு மொழிக்கொள்கையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

7

நம்மால் இயலாது என்னும் வாதத்தை வரலாறே மறுத்துவிட்டது. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிந்து ஒழுங்குபடுத்தும் சகானா என்னும் நிரற்றொகுதியை இலங்கைத் தொண்டர்கள் சில வாரங்களில் எழுதி முடித்தனர். அடுத்த ஆண்டு பாகித்தானின் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. 2006-ஆம் ஆண்டுக்கான சமூகநலத் திட்ட விருதினைச் சுதந்திர மென்பொருள் அமைப்பு அதற்கு வழங்கியது. சந்தைக்காக உழைத்த அதே தலைமுறைதான், தேவை எழுந்தபொழுது மக்களுக்காகவும் உழைத்தது. ஆற்றல் இருந்தது, அதனைப் பேரிடர் அல்லாத நாட்களிலும் மக்கள் பக்கம் நிறுத்தும் அமைப்பு இருக்கவில்லை.

அவ்வமைப்பை உருவாக்குவதில் பல்கலைக்கழகங்களுக்குப் பொறுப்புண்டு. காற்று, அலை, மீன்விலை, மீனவர் பதிவு ஆகியவற்றைத் தரும் இடைமுகங்கள் பொதுப்பணத்தில் எழுதப்படின், அவற்றின் மூல நிரலும் அவை இயங்கும் பொறியும் பொதுநிருவாகத்தில் இருத்தல் வேண்டும். இரு மொழியிலும் பெயர்கள் முழுமையாக ஏற்கப்படுகின்றனவா என்னும் சோதனை, பாதுகாப்புச் சோதனைக்கு நிகராகக் கட்டாயமாதல் வேண்டும். எழுத்து என்பது யாது என்னும் வினாவைத் தொல்காப்பியம் தொட்டு ஆராயும் தமிழ்த்துறையும், நினைவகத்தைப் பைட்டுகளாக எண்ணும் கணினித்துறையும் ஒரே மேசையில் அமர வேண்டிய இடம் இதுவே. கோர், அக்சிஸ்2/சி ஆகியவற்றின் மூல நிரலைப் படிப்பதற்கு எவரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை. கடல் திறந்தே இருக்கிறது. வலையைப் பின்னுவோர் யார், கயிற்றை இழுப்போர் யார், பங்கினை வகுப்போர் யார் என்பவற்றைத் தீர்மானிப்பதே எஞ்சியுள்ள அரசியற் பணி.